‘ஃபோர்ஸ் தீர்ந்துபோச்சு’ என்கிறார்களா உங்கள் பிள்ளைகள்?

“கணக்கெல்லாம் போட்டுடறா சார். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டா முழிக்கிறா.” பெற்றோர் கூட்டத்தில் இயற்பியல் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமான ‘இயக்க விதிகள்’ முடிந்த கையோடு தொடங்கிவிடும். பிள்ளைக்குப் புத்தி போதாது என்றோ, கவனம் இல்லை என்றோ பெற்றோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை.

அப்படிச் சொல்லப்பட்ட மாணவியிடம் நான் கணக்கு எதுவும் கேட்பதில்லை. மேசையில் கிடக்கும் அழிப்பானை எடுத்து நேர் மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறேன். “கையை விட்டுக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருக்கிறது. இந்த நொடியில் இதன் மேல் என்னென்ன விசைகள்? அம்புக்குறி போட்டுக் காட்டு” என்கிறேன். அவள் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பும், மேல்நோக்கி ஒரு பெரிய அம்பும் போடுகிறாள். மேலே போகும் அம்பு யாருடையது என்று கேட்டால், “நீங்க போட்ட ஃபோர்ஸ் சார். உச்சிக்குப் போனதும் அது தீர்ந்துடும். அப்புறம் புவிஈர்ப்பு கீழே இழுக்கும்” என்கிறாள்.

சிக்கல் அந்தப் பெரிய அம்பில்தான் இருக்கிறது. காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால், கையை விட்ட கணத்திலிருந்து மறுபடி கையில் விழும் கணம்வரை அழிப்பானின் மேல் இருப்பது ஒரே விசை, புவி இழுக்கும் விசை. மேலே போகும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். இந்த ஒன்று தெளியாதவரை, பல விசைகள் சேர்ந்து ஒரு பொருளின் இயக்கத்தை எப்படி மாற்றுகின்றன என்பது மனப்பாடமாகவே இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

முதல் காரணம் நம் பேச்சுவழக்கு. ‘குழாய்ல தண்ணி ஃபோர்ஸா வருது’ என்கிறோம். ‘பந்து ஃபோர்ஸா வந்து பட்டுச்சு’ என்கிறோம். இங்கெல்லாம் ஃபோர்ஸ் என்று நாம் சொல்வது வேகத்தை. விசை, வேகம், பலம், சக்தி எல்லாம் வீட்டுப் பேச்சில் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. அதில் தவறில்லை. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை, விசை என்பது பொருளுக்குள் நிரப்பி அனுப்பும் ஒரு சரக்கு என்று நினைத்துக்கொள்கிறது. பெட்ரோல் போல, ஓட ஓடக் குறையும் சரக்கு. இயற்பியலில் விசை என்பது ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தள்ளுவது அல்லது இழுப்பது. கொடுப்பவர் விலகினால் விசை அக்கணமே நின்றுவிடும். கை விட்ட பிறகு அழிப்பானிடம் மிஞ்சுவது வேகம், விசை அல்ல.

இரண்டாவது காரணம் உராய்வு. தள்ளினால் நகர்கிறது, விட்டால் நிற்கிறது. மாட்டுவண்டி முதல் நாற்காலிவரை நாம் பார்ப்பதெல்லாம் அப்படித்தான். ஆகவே ‘ஓடிக்கொண்டே இருக்க விசை வேண்டும்’ என்று மனம் முடிவுசெய்துகொள்கிறது. நிறுத்துவதும் ஒரு விசைதான், அதன் பெயர் உராய்வு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தப் பிழைக்காக வெட்கப்பட வேண்டாம். மனித குலம் முழுக்க நெடுங்காலம் செய்த பிழை இது. எறிந்த பொருளுக்குள் ஓர் உந்துதல் புகுத்தப்படுகிறது என்று 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் ஃபிலோபோனஸ் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஜான் புரிடான் அந்தக் கருத்தை விரித்துரைத்தார். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலும், நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிபியா’வும் வந்த பிறகே இது தெளிந்தது. 1982இல் ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், நாணயத்தைச் சுண்டினால் மேலே போகும்போது அதன் மேல் என்ன விசை என்று பொறியியல் மாணவர்களிடம் கேட்டார். அவர்களிலும் பலர் அதே மேல்நோக்கிய அம்பைத்தான் போட்டார்கள். ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைப் போடுவதில் கவலைப்பட ஏதுமில்லை. திருத்தாமல் விடுவதுதான் கவலைக்குரியது.

அறிகுறிகளைக் கண்டுகொள்வது எப்படி?

மதிப்பெண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் பிள்ளைக்கும் இந்தக் குழப்பம் இருக்கலாம். இரவு உணவு முடிந்து ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, தேர்வு என்று சொல்லாமல், கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பேருந்து நேரான சமதளச் சாலையில் மாறாமல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் மேல் செயல்படும் விசைகளையெல்லாம் கூட்டினால் எவ்வளவு? ‘முன்னோக்கி ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும், இல்லாவிட்டால் எப்படிப் போகும்?’ என்று பதில் வந்தால் அது அறிகுறி. சரியான விடை சுழி. சக்கரங்களின் வழியாகச் சாலை முன்னே தள்ளுவதும், காற்றும் பிற தடைகளும் பின்னே தள்ளுவதும் சரிக்குச் சரி.

ஒரு பொருளின் மேல் 30 நியூட்டன் விசை ஒன்றும் 40 நியூட்டன் விசை ஒன்றும் செயல்படுகின்றன. இரண்டும் சேர்ந்து எவ்வளவு? கேட்ட மாத்திரத்தில் ‘எழுபது’ என்று வந்தால் இரண்டாவது அறிகுறி. ‘எந்தத் திசையில்?’ என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் நிம்மதியாக இருங்கள்.

பீரோவை ஒருவர் 150 நியூட்டன் விசையோடு தள்ளுகிறார்; நகரவில்லை. உராய்வு எவ்வளவு? ‘150ஐ விட அதிகம், அதனால்தான் நகரவில்லை’ என்பது மூன்றாவது அறிகுறி. அதிகமாக இருந்தால் பீரோ தள்ளுபவர் மேலேயே வந்து சாய வேண்டுமே! நகராதவரை உராய்வு சரியாக 150தான். நிற்கும் பொருளில் உராய்வு, எதிர்த் தள்ளலுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஓர் எல்லைவரை.

விசைகளை எப்படிக் கூட்டுவது?

ஒரு பொருளின் மேல் பல விசைகள் செயல்படும்போது, அவை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே விசை செய்வதாகக் கொள்ளலாம். அதுவே தொகுபயன் விசை (எல்லா விசைகளுக்கும் ஈடான ஒற்றை விசை). இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதை விளையுள் விசை என்பார்கள். முடுக்கத்துக்கு அங்கே ஆர்முடுகல் என்று பெயர். பெயர் மாறினாலும் சங்கதி ஒன்றே.

விசை ஒரு வெக்டர் அளவு (எண்மதிப்போடு திசையும் உள்ள அளவு). ஒரே திசையில் இருந்தால் கூட்டல், நேர் எதிராக இருந்தால் கழித்தல். கோணத்தில் இருந்தால் இரண்டும் செல்லாது, வரைய வேண்டும். 10 நியூட்டனுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டு, 3 சென்டிமீட்டர் கோடு ஒன்றும், அதன் முனையிலிருந்து செங்குத்தாக 4 சென்டிமீட்டர் கோடு ஒன்றும் போடுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் இணைத்து அளந்தால் 5 சென்டிமீட்டர். அதாவது 50 நியூட்டன். 30ம் 40ம் சேர்ந்து 70 ஆகலாம், 50 ஆகலாம், 10கூட ஆகலாம். கோணம்தான் தீர்மானிக்கும்.

இதை வீட்டிலேயே கை உணரச் செய்யலாம். ஐந்து கிலோ எடை வரும்படி ஒரு வாளியில் தண்ணீர் நிரப்புங்கள். புவி அதை இழுக்கும் விசை ஏறக்குறைய 50 நியூட்டன். நீங்களும் பிள்ளையும் வாளியின் பிடியில் ஆளுக்கொரு கயிறு கட்டி, இரண்டும் நேர் மேலே இருக்கும்படி தூக்கினால் ஆளுக்கு 25 நியூட்டன். இப்போது மெல்ல விலகி நில்லுங்கள். கயிறுகளுக்கு இடையே 120 பாகை கோணம் வரும்போது ஆளுக்கு 50 நியூட்டன் ஆகிவிடும். ஒருவரே தூக்குவதும் இருவர் இப்படித் தூக்குவதும் அங்கே ஒன்றுதான். இன்னும் விலகினால் வாளி கனப்பது போலத் தோன்றும். வாளி கனக்கவில்லை, நீங்கள் பக்கவாட்டில் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொள்வதில் விசையின் பெரும்பகுதி போகிறது.

துணிக்கொடி அறுவதும் இதனால்தான். நான்கு கிலோ எடையுள்ள ஈரப் போர்வையைக் கொடியின் நடுவில் போட்டால் இழுவிசை (கயிறு இழுக்கும் விசை) எவ்வளவு? கொடி இருபுறமும் 30 பாகை தொய்ந்திருந்தால் 40 நியூட்டன். தொய்யக்கூடாது என்று முறுக்கிக் கட்டி 5 பாகைதான் தொய்கிறது என்றால் ஏறக்குறைய 230 நியூட்டன். போர்வை அதேதான், கோணம் மாறியதும் விசை ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கொடியைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டச் சொல்லும் பாட்டி, விசைகளின் கூட்டலைக் கைப்பழக்கத்தில் தெரிந்துவைத்திருக்கிறார்.

கூட்டிய பிறகு என்ன நடக்கும்?

இந்த இடத்தில் ஒரே ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும்: மாற்றம். தொகுபயன் விசை இயக்கத்தைத் தருவதில்லை, இயக்கத்தை மாற்றுகிறது. தொகுபயன் சுழி என்றால் மாற்றம் இல்லை. நிற்பது நிற்கும், ஓடுவது அதே வேகத்தில் அதே திசையில் ஓடும். சுழி இல்லை என்றால் முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) உண்டு. தொகுபயனை நிறையால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும்.

அதே பீரோவுக்கு வருவோம். அதன் நிறை 60 கிலோகிராம். அண்ணன் 150, அப்பா 120 என்று ஒரே பக்கம் தள்ளுகிறார்கள். மொத்தம் 270 நியூட்டன். பீரோ நகரத் தொடங்கிவிட்டது. நகரும்போது உராய்வு 180 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 90. அதை 60ஆல் வகுத்தால், முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.5 மீட்டர். இப்போது அண்ணன் தன் தள்ளலை 60ஆகக் குறைக்கிறான். மொத்தம் 180, உராய்வும் 180. பல பிள்ளைகள் இந்த இடத்தில் ‘பீரோ நின்றுவிடும்’ என்று எழுதுகிறார்கள். நிற்காது, அதுவரை வந்த வேகத்திலேயே நகரும். தள்ளலை இன்னும் குறைத்தால்தான் வேகம் குறையும்.

தொகுபயனின் திசையும் பொருள் போகும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வடக்கே போகும் பேருந்தில் பிரேக் போட்டால் தொகுபயன் தெற்கே. பேருந்து அப்போதும் வடக்கேதான் போகிறது, மெதுவாகிக்கொண்டு. தரையில் ஒரு பந்தை நேராக உருட்டிவிட்டு, ஓடும்போதே பக்கவாட்டில் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். தட்டிய திசையிலேயே அது திரும்பிப் போகும் என்று பிள்ளை எதிர்பார்க்கும். பந்தோ முன்னே போவதை விடாமல், பக்கமாகவும் விலகி, சாய்வாக ஓடும். பழைய வேகத்தை விசை அழிக்கவில்லை. அதோடு புதியதைச் சேர்த்தது. இதை ஐந்தாறு முறை கண்ணால் பார்த்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் எடை பார்க்கும் கருவியை லிஃப்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள். 50 கிலோ உள்ளவர் மேல்நோக்கி வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் முடுக்கத்தில் கிளம்பும்போது, கருவி கிட்டத்தட்ட 55 காட்டும். ஒரே வேகத்தில் ஏறும்போது 50. மேல்தளத்தில் நிற்பதற்காக அதே அளவில் வேகம் குறையும்போது 45. மூன்று தருணத்திலும் லிஃப்ட் மேலேதான் போகிறது. கருவியின் எண் பின்தொடர்வது வேகத்தை அல்ல, வேகத்தின் மாற்றத்தை. சாதாரண லிஃப்டில் எண் இதைவிடக் குறைவாக மாறலாம். ஏறி இறங்குவதைக் கவனித்தால் போதும்.

திருத்தும் வழி

மருந்து ஒன்றே: தனித்த பொருளின் விசைப்படம் (ஒரு பொருளை மட்டும் பிரித்து, அதன் மேல் படும் விசைகளை மட்டும் காட்டும் படம்). ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால், சூத்திரத்தை எழுதாமல், இதை வரைய வேண்டும்.

முதலில் எந்தப் பொருளைப் பற்றிய கேள்வி என்று முடிவுசெய்து, அதை ஒரு பெட்டியாக வரையுங்கள். அடுத்து, அந்தப் பொருளை எது எது தொடுகிறது என்று பட்டியலிடுங்கள்: தரை, கயிறு, கை, காற்று. தொடும் ஒவ்வொன்றும் விசை தரக்கூடும். தொடாமலே வருவது பள்ளிக் கணக்கில் பெரும்பாலும் புவிஈர்ப்பு ஒன்றுதான். காந்தமோ மின்னூட்டமோ இருந்தால் கேள்வியிலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு விசைக்கும் ஓர் அம்பு போட்டு, பக்கத்தில் கொடுப்பவரின் பெயரை எழுதுங்கள். ‘தரை தள்ளுகிறது’, ‘புவி இழுக்கிறது’ என்று எழுத முடிய வேண்டும். கொடுப்பவர் பெயர் எழுத முடியாத அம்பை அழித்துவிடுங்கள். அழிப்பானின் மேல்நோக்கிய அம்பு இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும். கைதான் எப்போதோ விலகிவிட்டதே. கடைசியில் அம்புகளைத் திசையோடு கூட்டி, வரும் தொகுபயனை வைத்து மட்டும் இயக்கம் எப்படி மாறும் என்று கேளுங்கள்.

இந்தப் படம் மூன்றாம் விதிக் குழப்பத்தையும் தீர்க்கும். ‘மாடு வண்டியை இழுக்கும் அளவுக்கு வண்டியும் மாட்டை இழுக்கிறது, இரண்டும் அடித்துக்கொண்டு போகுமே, வண்டி எப்படி நகரும்?’ என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். வண்டிக்கு ஒரு படம், மாட்டுக்கு ஒரு படம் போடச் சொல்லுங்கள். மாடு தரும் விசை வண்டியின் படத்தில் இருக்கும். வண்டி தரும் விசை மாட்டின் படத்தில் இருக்கும். ஒரே படத்தில் இரண்டும் வராதபோது எப்படி அடிபடும்? மாட்டின் இழுப்பு வண்டியைத் தடுக்கும் விசைகளைவிட அதிகமானால் வண்டி கிளம்பும். அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சம அளவுள்ள இரண்டு எதிரெதிர் விசைகள் ஒரே கோட்டில் செயல்படாவிட்டால், தொகுபயன் சுழியானாலும் பொருள் சுழலும். தண்ணீர்க் குழாயை இரு விரலால் திருகுவது அப்படித்தான். இதற்குப் பாடநூலில் இரட்டை (சம அளவில் எதிர்த் திசையில் இணையாகச் செயல்படும் இரு விசைகள்) என்று பெயர். இடப்பெயர்ச்சிக் கணக்கு தெளிந்த பிறகு இதைத் தொட்டால் போதும்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

வாட்ஸ்அப்பில் வலம்வரும் ஒரு பக்கச் சூத்திரத் தாளைச் சுவரில் ஒட்டினால் குழப்பம் தீராது. சூத்திரம் ஏற்கெனவே பிள்ளைக்குத் தெரியும்; எந்த விசையை அதில் போடுவது என்பதுதான் தெரியவில்லை. ‘எதிர்த் திசைன்னா கழி, இல்லைன்னா கூட்டு’ என்ற குறுக்குவழி, கோணம் வந்ததும் காலை வாரிவிடும். கையேட்டின் விடைகளை வரி மாறாமல் நெட்டுருப் போடுவது, கேள்வியில் ‘நகர்கிறது’ என்பது ‘சீராக நகர்கிறது’ என்று மாறினால் உதவாது. தேர்வுக்கு முந்தைய வாரம் வல்லாரைக் கீரை சமைத்துப் போடுவதில் ஆட்சேபணை இல்லை, கீரை நல்லதுதான். ஆனால் அது விசைப்படம் வரைந்து தராது.

பிள்ளை தவறான அம்பு போடும்போது ‘தப்பு’ என்று அடிக்காதீர்கள். ‘இதை யார் கொடுக்கிறார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிட்டால் அது உங்கள் விடையாகவே இருக்கும். உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டும் என்பதில்லை. இந்த ஒரு கேள்வியைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

நாளொன்றுக்கு மூன்று படங்கள், பத்து நிமிடம் போதுமானது. கணக்குப் போட வேண்டாம், படம் மட்டும். மேசைமேல் செம்பு, இறங்கும் லிஃப்ட், பிரேக் போட்ட சைக்கிள், ராட்டினத்தில் ஏறும் வாளி என்று கண்ணில் படுவதையெல்லாம் வரையலாம். பழைய எண்ணம் முதல் சில நாட்கள் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும்; அது இயல்பு. மூன்று வாரம் ஆகியும் பெயரில்லாத அம்புகள் வந்துகொண்டே இருந்தால், அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அந்தப் படங்கள் அவருக்கு அதிகம் சொல்லும்.

பிறகு ஒருநாள் அழிப்பானை மறுபடி தூக்கிப்போடுங்கள். அது உச்சியில் இருக்கும்போது என்ன விசை என்று கேளுங்கள். சில பிள்ளைகள் இப்போது, ‘அங்கே வேகம் சுழி, அதனால் விசையும் சுழி’ என்று புதிதாக ஒன்று சொல்வார்கள். கலங்காதீர்கள், காகிதத்தையும் பென்சிலையும் நகர்த்தி வையுங்கள். பெட்டி வரைந்து, கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டு, பக்கத்தில் ‘புவி’ என்று எழுதிவிட்டு, வேறு எதுவும் தொடவில்லை என்று தானாகவே பென்சிலைக் கீழே வைத்தால், பாடம் புரிந்துவிட்டது.